தம்பியை வெட்டிய செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் பொய்ப்பல் லாப்பில், மெருகேற்றும் மெஷினுக்கு நேர் மேலே கடிகாரம் இருக்கிறது. யாரோ ஒருவருடைய மேல்வாய்ப் பல்செற்றைக் கையில் பிடித்தபடி, நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மனேச்சர் வந்து, வீட்டிலிருந்து போன் என்றார்.

பேசியது எங்கள் பேஸ்மென்றில் குடியிருக்கும் அன்ரி.

"பிள்ளை, பதறாதையும்."

இப்படித் தொடங்குகிறவர்கள் யாரும் நல்ல செய்தி சொல்வதில்லை.

"நீர் போனை அடுப்படியில சார்ஜில விட்டிட்டுப் போயிட்டீர். உம்மட மூத்த மகள் அதுக்கு அடிச்சவள். விடாமல் அடிச்சுது, நான் மேல வந்து எடுத்தனான்."

"என்னவாம் அன்ரி?"

"தம்பியை வெட்டிப்போட்டாங்களாம். அம்மாட்டைச் சொல்லுங்கோ எண்டவள். அழுதுகொண்டு சொன்னவள், பிள்ளை. நான் எங்கை, எப்ப எண்டு கேக்க முன்னம் லைன் நிண்டிட்டுது. பிறிஜ்ஜில உம்மட வேலை நம்பர் ஒட்டியிருந்தது, அதைப் பாத்து எடுக்கிறன்."

பல்செற் என் கையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது. மனேச்சர் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துத் தந்தார்.

அன்று பின்னேரம் நடந்ததைச் சொல்ல முன்னர், எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கக் கால்பந்து வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியதும் வீட்டில் தமிழ் நின்றுபோனது. நான் கேட்பதற்கு "ஓம்", "இல்லை" என்று மட்டும் பதில் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு பேரும் வாய் ஓயாமல் கத்துவார்கள். ஏரியைச் சுற்றிக் காரில் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அணி இருக்கிறது. அதுதான் அவர்களுடைய அணி. நான் ஒரு சட்டம் போட்டேன். வேறு எதையும் எந்த மொழியிலும் பேசலாம். இந்த விளையாட்டைப் பற்றி இந்த வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும்; இல்லாவிட்டால் தொலைக்காட்சியை நிறுத்துவேன்.

அதற்குச் சொற்கள் வேண்டுமே. நாங்களே செய்தோம். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவர் குவாட்டர்பாக்; குவாட்டர் என்றால் கால், பாக் என்றால் பின். ஆகவே "காற்பின்னன்" என்றான் மகன், அப்போது அவனுக்குப் பதினொரு வயது. காற்பின்னனைக் காத்து நிற்கும் ஐந்து பெரிய மனிதரும் "வேலி". எதிரி வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அவரை விழுத்தினால் ஆங்கிலத்தில் சாக், எங்களுக்குச் "சாக்கிலை போட்டிட்டான்". ஆகஸ்ட் கடைசியில் அணிகள் ஆட்களைக் குறைத்து வெளியே அனுப்புவதை ஆங்கிலத்தில் கட் என்பார்கள். அதை "வெட்டு" என்று மொழிபெயர்த்தது நான்தான். அந்தப் பழி வேறு யாருக்கும் இல்லை.

சட்டம் பிள்ளைகளுக்காகப் போட்டது. அகப்பட்டது நான். இரண்டு வருடத்துக்குள் அவர்கள் வெளியே போயிருந்தாலும் நான் தனியே இருந்து ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ஆகஸ்டும் பருவம் தொடங்க முன்னர், அணியைப் பற்றிய என் கணிப்பை ஒரு தாளில் எழுதிப் பிறிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டுவேன். பிள்ளைகள் சிவப்புப் பேனையால் அதில் கிறுக்குவார்கள். கணவர் லொறியோடு வின்னிபெக் பக்கம் போகும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்வார்.

இந்த வருடத் தாளில் நான் எழுதியவை பெரும்பாலும் புகழ்ச்சிதான். காற்பின்னனை ஆறேழு வருடங்களாகப் பார்க்கிறேன். முன்பெல்லாம் எதையும் தானே செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இருந்தது. பந்தை இரண்டு பேருக்கு நடுவில் திணிப்பார், அது பறிபோகும். இப்போது எறியாமல் விடுவதற்கும் பழகிவிட்டார். பந்தைப் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே வீசிவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று சிரித்தபடி திரும்புகிற மனிதரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தோற்கும் ஆட்டத்திலும் அவர் தன்னுடைய ஆட்களைக் கைநீட்டிக் குற்றம் சொன்னதை நான் கண்டதில்லை.

வேலியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். எல்லோரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள். நான் இப்போது அந்த ஐந்து பேருடைய கால்களைப் பார்க்கிறேன். முதல் அடியை ஐவரும் ஒன்றாக எடுத்து வைப்பார்கள், ஒரே ஆளின் கால்கள்போல. அவர்கள் பிழை விட்டால் மட்டும் தொலைக்காட்சியில் பேர் வரும். சரியாகச் செய்தால் பேரே வராது. பல் லாப்பில் இருக்கிறவளுக்கு அந்த வேலை விளங்கும்.

குறைகளும் எழுதினேன். பின்காவலில் ஒரு பக்கம் பலவீனம். குளிர்கால ஆட்டங்களில் கடைசி இரண்டு நிமிடத்தில் இந்த அணிக்கு என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மகள் அந்த வரிக்குக் கீழே, "அம்மா, அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணினனாங்கள்" என்று எழுதியிருந்தாள், இரண்டு எழுத்துப் பிழைகளோடு.

தாளின் கடைசிப் பந்தி தம்பியைப் பற்றியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் தம்பி என்பது என் மகன். மகள் மூத்தவள்; அவள் அவனைத் தம்பி என்றாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகினோம். இருபது வயதாகியும் அவன் தம்பிதான். ஆனால் இரண்டு கோடைகளுக்கு முன்னர் அணியின் பயிற்சி முகாமுக்கு ஒருவன் வந்தான். எந்த அணியும் தெரிவுசெய்யாத பெடியன். பட்டியலில் கடைசிப் பெயர். பந்தை உதைத்து அனுப்பும்போது மைதானம் முழுக்க ஓடிப்போய், எதிரே வருகிறவனோடு உடம்பைக் கொண்டுபோய் மோதுவதுதான் அவனுடைய வேலை. அவனை வெட்டினார்கள். மறுநாளே பயிற்சிக்கு மட்டும் என்று திருப்பி எடுத்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே. அவன் முகம் கோணாமல் வந்து ஓடினான்.

"உவன் எங்கட தம்பி மாதிரி," என்றாள் மகள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு வந்து சட்டியை வழிக்கிறவன்."

"அப்ப நான் ஆர்?" என்றான் மகன்.

"நீ பழைய தம்பி. உவன் புதுத் தம்பி. உவன் ஓடுவான்."

அன்றிலிருந்து இரண்டு தம்பிகள். நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் குழம்பியதில்லை. இந்த ஆகஸ்டில் முன்னோட்ட ஆட்டங்களில் புதுத் தம்பி விளையாடிய விதத்தைப் பார்த்து, தாளின் அடியில் நான் எழுதினேன்: "தம்பியை இந்த முறை வெட்ட மாட்டார்கள். இடம் உறுதி." கீழே இரண்டு முறை கோடும் இழுத்தேன். தொண்ணூறு பேர் ஐம்பத்து மூன்று பேராகக் குறைந்து, முழுப் பட்டியலும் வரவேண்டிய கடைசி நேரம் அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணி.

இவ்வளவும் தெரிந்தவள் நான். சொல்லைச் செய்தவள் நான். ஆனாலும் ரெலிபோனில் அன்ரியின் குரலில் அதைக் கேட்டபோது, எனக்குக் கேட்டது வேறு.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருந்தோம். அது எங்கள் தமிழ்ப் பெடியள் இரண்டு கும்பலாகப் பிரிந்து அடிபட்ட காலம். ஒருநாள் பின்னேரம் லிஃப்ற்றுக்குள் ஒரு தாய் நின்றார். கையில் பாற்பை. யாரோ ஓடிவந்து அவருக்குச் சொன்ன வசனத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: மகனின் பெயரும், "வெட்டிப்போட்டாங்கள்" என்பதும். அவர் பாற்பையைக் கீழே வைக்கவில்லை. பிள்ளையைப் பிடிப்பதுபோல் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தச் சொல்லைப் பந்து விளையாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் அதன் பல் கழன்றுவிடும் என்று நினைத்திருந்தேன்.

லாப்பிலிருந்து ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு எந்த வழியால் வந்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

மகனுக்கு அன்று வேலை இல்லை. நண்பனுடைய அக்கா வீடு மாறுகிறார், சாமான் தூக்கப் போகிறேன் என்று காலையில் சொன்னான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவன் போகும்போது, போன வாரத்துத் தண்ணீர்ப் போத்தலைத் தன் காரில் விட்டு நாற வைத்ததற்காக ஏசிக்கொண்டிருந்தேன். கடைசியாக அவனிடம் சொன்னது அதுதான் என்று வழி முழுக்க நினைத்தேன்.

அன்ரி வாசலில் நின்றார். என் போனைக் கையில் தந்தார். மகனுக்கு எடுத்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. மகளுக்கு எடுத்தேன், நேரே மெசேஜுக்குப் போனது. அவள் பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை செய்கிறாள், இடைவேளை முடிந்ததும் போனை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவளிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. எழுத்து ஒன்றுமில்லை. அழுகிற முகங்கள் ஏழு. அதற்கு மேலே அணியின் செய்தி என்று ஏதோ ஒன்று வந்து திரையை மறைத்தது. இந்த நேரத்தில் இதுவா என்று விரலால் தள்ளிவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் எடும்," என்றார் அன்ரி. "கொண்டு போயிருப்பினம்."

எடுத்தேன். அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையாக, கடைசிப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றார். இருபத்தைந்து வருடங்களாக வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வரிசையாகச் சொல்லி வருகிற பெயர். நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். திரும்பத் தொடங்கினேன். மறுபடி விட்டேன். அன்ரி என் தோளில் கையை வைத்தார். மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன். அப்படி ஒருவரும் வரவில்லை என்றார் அந்தப் பெண். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னொரு ஆஸ்பத்திரியும் இருக்கல்லே," என்றார் அன்ரி.

அங்கும் இல்லை.

"அப்ப பொலிசுக்கு எடுப்பமே?"

"பொறுங்கோ அன்ரி," என்றேன். பொலிசுக்கு எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல் இருந்தது.

அன்ரி தேத்தண்ணி போட்டு வைத்தார். ஆறிப்போனது. மறுபடி போட்டார். இரண்டாம் முறை பாலை எடுக்கப் பிறிஜ்ஜைத் திறந்தபோது கதவில் இருந்த தாள் அசைந்தது. "தம்பியை இந்த முறை வெட்ட மாட்டார்கள்" என்ற வரி, இரண்டு கோட்டோடு, என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை. என் கையெழுத்தில் நானே கடவுளுக்குச் சவால் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைத்தேன். எழுந்து போய்த் தாளைக் கழற்றி, நாலாக மடித்து, லாச்சிக்குள் வைத்தேன். நான்கு மணி எப்போது வந்து போனது என்று தெரியாது.

"நல்ல பிள்ளை," என்றார் அன்ரி, யாரிடம் என்றில்லாமல். "என்ர அரிசி மூட்டையைக் கீழ கொண்டுவந்து வைச்சவன்."

"அன்ரி, நல்லவனா இருந்தவன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை."

"தெரியும்."

ஐந்து மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பொலிசுக்கு எடுக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. திறப்பைத் தட்டில் எறியும் சத்தம். ஒரு சப்பாத்து மற்றச் சப்பாத்தின் மேல் விழும் சத்தம். அதற்காகவும் நான் தினமும் ஏசுகிறவள்.

மகன் அடுப்படி வாசலில் நின்றான். சேட்டெல்லாம் தூசி. முழங்கையில் ஒரு சிறு கீறல். அவ்வளவுதான். கையில் காலித் தண்ணீர்ப் போத்தல். காரிலிருந்து எடுத்து வந்திருந்தான். கதிரையில் இருந்தபடியே அவனுடைய கையைப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து தோள்வரை தடவிப் பார்த்தேன். பிறகு மற்றக் கை. அன்ரி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் அழத் தொடங்கினேன். வாய்விட்டு, நிறுத்த முடியாமல்.

அவன் என்னையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறிஜ் கதவைப் பார்த்தான். தாள் இல்லை. தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தான் போலும். எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தூசிக் கையால் என் முதுகைத் தட்டினான்.

"உங்களுக்கும் தெரிஞ்சிட்டுதோ," என்றான். "அழாதேங்கோ அம்மா. தம்பியை வெட்டினதுதான், ஆனா நாளைக்குத் திருப்பி எடுப்பாங்கள்."