உடம்பு விசாரிக்க வந்த கேமரா

ஃபியூஸ் கேரியர் எல்லோருக்கும் தெரியும். வீட்டு மெயின் போர்டில், கையால் பிடித்து இழுக்கும்படி வெள்ளையாக இருக்குமே, அந்தப் பீங்கான் கட்டை. விருத்தாசலத்தில் அதைச் செய்கிற ஒரு கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் இன்ஜினியராக இருந்தேன். சூளைக்குள் சரக்கு வெந்து வெளியே வருவது வரைக்கும் என் பொறுப்பு.

எங்கள் எம்.டி. சென்னையில் இருந்தார். அவருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது, போட்டோ மேல்தான் உண்டு. அதுவும் வெறும் போட்டோ செல்லாது. அடியில் தேதி, நேரம், ஊர், சின்னதாக ஒரு மேப் எல்லாம் பதிந்து வருகிற ஜிபிஎஸ் போட்டோவாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சூளையின் சூடு காட்டும் மீட்டர் பக்கத்தில் நின்று எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னார். பிறகு லாரியில் லோடு ஏற்றினால் ஒன்று, மீட்டிங் நடந்தால் ஒன்று, ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டால் போன இடத்திலிருந்து ஒன்று, ஆயுத பூஜைக்குப் பொரி படைத்தால் ஒன்று. கடைசியில் மதியம் சாப்பிட வெளியே போனால்கூட இலையோடு சேர்த்து ஒன்று கேட்டார். அந்தக் குரூப்புக்கு ‘நம்ம குடும்பம்’ என்று பெயர் வேறு. நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

போட்டோ போட்டால் மட்டும் போதாது. மற்றவர்கள் எல்லோரும் அதற்குப் பதில் போட வேண்டும். பதில் போடாதவருக்கு எம்.டி.யிடமிருந்து தனியாக போன் வரும். அதனால் எங்கள் ஆட்கள் என்ன படம் என்றே பார்க்காமல் பதில் போடப் பழகிவிட்டார்கள். இரண்டு கைதட்டல், ஒரு கும்பிடு, ஒரு ‘சூப்பர்’. பல் விளக்குவதற்கு முன்னால் இதை முடித்துவிடுகிறவர்களும் இருந்தார்கள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

நடுவில் ஒருமுறை எங்களுக்கு மன அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று எம்.டி.யே கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கம்பெனிக்கு வரச் சொன்னார். லேப்டாப்பில் ஒருவர் வந்து வேலையையும் வீட்டையும் தராசு மாதிரி சமமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பேசினார். கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கச் சொன்னார். பீங்கான் மாவு அரைக்கிற கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஆழமாக மூச்சு இழுத்தால் நுரையீரலுக்குள் போவது களிமண் தூசிதான். பேக்கிங்கில் இருந்த அக்கா இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் விட்டார். அதையும் போட்டோ எடுத்துப் போட்டார்கள். அதற்கும் கைதட்டல் விழுந்தது.

இதையெல்லாம் எரிச்சலோடு தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர் ஓமனில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகளும்தான். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டில் இருப்பாள். நான் வந்து கூட்டிக்கொள்வேன். நான் வருவதற்குள் அவள் தூங்கிப்போன நாட்கள் நிறைய.

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கூட ஒருவர் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ட்ரிப்ஸ் ஏறுகிற கையை அவள் ஆட்டாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். நான் எம்.டி.க்கு போன் செய்து, பிள்ளை வீடு திரும்பும்வரை வர முடியாது என்றேன்.

“ஐயையோ, பாப்பாதான் முக்கியம் மேடம். அட்மிஷன் ஆன மாதிரி பெட்ல ஒரு ஜிபிஎஸ் போட்டோ மட்டும் போட்டுடுங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தானே?”

“எம் புள்ள படுத்திருக்கறத நான் போட்டோ புடிச்சுப் போட மாட்டேன் சார்.”

 “ஓகே ஓகே, டேக் கேர்” என்று வைத்துவிட்டார். எனக்கு ஆச்சரியம். அந்த மனுஷனுக்குள்ளும் ஈரம் இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் எங்கள் அக்கவுண்டன்ட் வந்தார். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், வயதில் பெரியவர், வண்டியிலேயே தினமும் வந்து போகிறவர். கையில் ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு யார் வருவார்கள்? அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“பாப்பாவுக்கு இப்ப எப்புடி இருக்குது மேடம்? எங்க வூட்லயும் போன வருசம் இதேதான். பயப்படாதீங்க, சரியாப் பூடும்.”

மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவளுடைய வகுப்பு, டீச்சர் எல்லாம் விசாரித்தார். அதற்குப் பிறகு எழுந்து, கதவுவரைக்கும் பின்னால் நகர்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

எனக்கு விளங்குவதற்கு முன்னால் என் மகளுக்கு விளங்கிவிட்டது. காலையிலிருந்து தலை தூக்காமல் கிடந்த பிள்ளை, ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். வெடித்துப்போன உதட்டைத் திறந்து சிரித்தாள். ஊசி குத்தியிருந்த கை நன்றாகத் தெரியும்படி முன்னால் நீட்டிக் காட்டினாள்.

“என்ன செய்றீங்க?” என்று கத்தினேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவுரு சொல்லித்தான் அனுப்புனாரு. பழம் வாங்கவும் அவுருதான் சொன்னாரு. நான் இன்னா பண்றது, நானும் சம்பளத்துக்குத்தான இருக்கறேன். போயிட்டு வரேங்க.”

அவர் படி இறங்குவதற்குள் என் போன் அதிர ஆரம்பித்தது. திறந்து பார்த்தேன். அடியில் மேப்போடு என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே கைதட்டல். மறுபடியும் கைதட்டல். கும்பிடு. ‘சூப்பர் மேடம்.’ ‘வாழ்த்துகள்.’ ஒருவர், ‘சிறப்பான பணி, தொடரட்டும்’ என்று போட்டிருந்தார். எதற்கு வாழ்த்து, எது தொடர வேண்டும்? வீங்கிய கண்ணோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்துக் கைதட்டுகிற இவர்களோடு உட்கார்ந்துதான் நான் இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறேன்.  கடைசியாக எம்.டி.யின் செய்தி. பாப்பா சிரிக்கிறாள், சந்தோஷம். ஆஸ்பத்திரியில் சிக்னல் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது, சூளை மீட்டர் படங்களை அங்கிருந்தே கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டுபோய் வராண்டாக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பழம் என்ன பாவம் செய்தது என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பை அறைக்குள் இருப்பதே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது மகள் படுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ம்மா, போட்டோ எடுத்தாச்சில்ல? இப்ப நீ கெளம்பிடுவியா?”

“ஏன் கெளம்பணும்?”

“ஆண்டு விழாவுல எங்கூட நின்னு போட்டோ எடுத்துட்டு ஒடனே கெளம்பிட்ட. என் பொறந்தநாளுக்கு கேக் வெட்டறப்பகூட எடுத்துட்டுப் போயிட்ட. போட்டோ எடுத்தா நீ போவணுமில்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அவளுக்கு அது ஒரு ரூல். எம்.டி.யைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல வெறி வந்தது.

“எங்கியும் போவ மாட்டேன். இங்கியேதான் இருப்பேன்” என்றேன்.

அவள் என் துப்பட்டாவின் நுனியை எடுத்து, ஊசி இல்லாத கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் குரூப்பிலிருந்து வெளியேறினேன். அடுத்த நிமிடமே எம்.டி.யின் அழைப்பு வந்தது. அதைத் துண்டித்து, போனையும் அணைத்தேன். வேலை போனது அந்த ஒரு நிமிடத்தில்தான். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

பிறகு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அவள் கையிலிருந்து துப்பட்டாவை உருவினால் எழுந்துவிடுவாள். அதைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கையிலேயே விட்டுவிட்டு, நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஓட்டமாகத்தான் போய் வந்தேன்.

அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். அழவில்லை. நர்ஸ் தண்ணீர் டம்ளரை வாயருகில் நீட்ட, “எங்கம்மா கம்பெனிக்குப் போயிட்டாங்க, நானே குடிச்சுக்குவேன்” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.