மடியில் கிடந்த வாட்சுகள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தாம்பரம் ரயிலில் இடம் கிடைத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரே இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கால்களைக் கட்டிப்போட்டதன் பலன் இது.

எங்கள் பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் பையன்களுக்கு மைதானம், எங்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டு நிழல். சும்மா உட்காரவும் விடமாட்டார்கள். ஆளாளுக்கு வாட்சைக் கழற்றி எங்கள் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். என் மடியில் எப்போதும் ஏழெட்டு கிடக்கும். பொறுப்பான பெண் என்று பெயர் வேறு! அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுத்தார்கள். "கேர்ள்ஸ்ல யாராவது ஓடுறீங்களாம்மா?" என்று பி.டி. சார் போகிறபோக்கில் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மடியில் இருந்ததை மறந்து துள்ளி எழுந்தேன். அத்தனை வாட்சும் சிமென்ட் தரையில் விழுந்தன. ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டது.

"இன்னாத்துக்கு எழுந்த நீ?" என்று அதன் சொந்தக்காரன் கத்தினான்.

"ஒரு வாட்சை ஒழுங்கா பாத்துக்கத் தெரியல, ஓட வந்துட்டியா?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடிப்பதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

போன வாரம், கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டில், எட்டாவது படிக்கும் மகளின் பையில் டிபன் பாக்ஸைத் தேடினேன். மூன்று வாட்ச் கையில் வந்தன. ஒன்றுகூட அவளுடையது இல்லை.

"கேம்ஸ் பீரியட்ல பசங்க குடுத்தாங்கம்மா. திருப்பித் தர மறந்துட்டேன்."

"நீ விளையாடலையா?"

"யாராவது பாத்துக்கணும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் காரணமில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தரம் நடந்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டாதே என்று அவளைத் தினமும் அதட்டுவது நான்தான்.

"நாளைக்கு இதையெல்லாம் குடுத்துட்டு நீயும் போய் ஓடு."

"அப்ப என் வாட்சை யாரும்மா வெச்சுக்குவா?"

"கையில கட்டிக்கிட்டே ஓடுடி" என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கே அது அப்போதுதான் தோன்றியது.