பூண்டு தின்னும் நேரம்

அந்தப் பண்ணையில் நூற்று நாற்பது செம்மறிகள். அத்தனைக்கும் தீவனம் ஒரே ஆளின் கையளவு. அவளை எல்லோரும் கலவைக்காரி என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பு மருந்துக்கடையில் பொடி நிறுத்துப் பொட்டலம் மடித்தவள். ஆட்டைக் கிட்டத்தில் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். வந்த வருஷமே ஒரு கிடா அவளைச் சுவரோடு வைத்து முட்டியது. அழுதுகொண்டு ஓடிப்போய் ஒளிந்த இடம் தீவன அறை. அதன் பிறகு இருபத்தெட்டு வருஷமாக அங்கிருந்து அவள் நகரவில்லை.

ஒரு தராசு, மூடிபோட்ட நான்கு டிரம்கள், சுவரோரம் உலர்ந்த இலைச் சாக்குகள். இதுதான் அறை. சோளமும் பிண்ணாக்கும் எல்லாப் பண்ணையிலும் உண்டு. ஆளிவிதையை இடித்துச் சேர்த்தது இவள் யோசனை. கூடினால் ஆடு கழிகிறது, குறைந்தால் பாலில் ஒன்றும் தெரிவதில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அளந்து அளந்து சரியான பிடியைக் கண்டுகொண்டாள். பாலாடைக்கட்டி செய்யும் அம்மாள் வாய் தவறிக்கூட யாரையும் பாராட்டாதவர். அவரே, "இந்த வாரப் பால் நல்லா இறுகுது" என்றார். அதைக் கணவரிடம் மூன்று முறை சொன்னாள். மனுஷன் மூன்று முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் மந்தையில் மடிவீக்கம் வந்தது. கால்நடை மருத்துவர் தந்த மருந்தோடு, இவள் பூண்டையும் உலர்த்திப் பொடித்துக் கலவையில் சேர்த்தாள். வீக்கம் அடங்கியது. கூடவே பாலில் பூண்டு வாசனை ஏறியது. பாலாடைக்கட்டி அம்மாள் இரண்டு கேன்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் இனி பாலெடுக்க வண்டி வராது என்று சொல்லிவிட்டார். செம்மறிப் பால் வாங்க அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

கறவை இயந்திரம் கொழுந்தன் பொறுப்பு. திரும்பி வந்த கேனைத் திறந்து முகர்ந்தான். "அண்ணி, உப்பு மட்டும் போட்டா போதும். சமையல் முடிஞ்சுது."

"பூண்ட நிறுத்தினா வீக்கம் திரும்பிடுமோன்னு பயமா இருக்குடா."

"இன்னிக்குப் பூண்டு, நாளைக்கு வேற ஏதாவது இலை. வேணாம் அண்ணி. கடையில மூட்டைத் தீவனத்துக்குச் சொல்லிடறேன். உங்க ரூம்ல குட்டிகள அடைச்சுக்கலாம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. சனிக்கிழமை வரை பொறு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கறவை மேடையில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு ஆடுகள் ஏறும். எதிரே தொட்டியில் தீனி தெரிந்தால்தான் ஏறும். அதனால் மாமனார் காலத்திலிருந்தே கலவை முழுவதையும் மேடையில் போடுவதுதான் வழக்கம். ஆடு தின்னத் தின்ன இந்தப் பக்கம் பால் இறங்கும்.

புதன்கிழமை மாலை அரைக்கும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. கடைசி இரண்டு வரிசைக்குக் கலவை இல்லை. வெறும் சோளத்தைத் தூவி ஏற்றினார்கள். கறந்து முடிந்ததும் வழக்கம்போல் ஒவ்வொரு கேனாகக் குனிந்து முகர்ந்து வந்தவள், அந்த இரண்டு வரிசையின் பால் இருந்த கடைசிக் கேனில் நின்றுவிட்டாள். மறுபடி குனிந்தாள். பூண்டு இல்லை.

காலையில் இதே ஆடுகள்தான் இதே பூண்டைத் தின்றன. பொழுது சாய்வதற்குள் அது பாலை விட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் குற்றம் பூண்டின் மேல் இல்லை, அதைப் போடும் நேரத்தின் மேல்.

"நாளையிலேர்ந்து கலவைய கறந்த பிறகு கொட்டகையில போடு" என்றாள்.

"அப்போ உங்க அழகப் பாத்தா மேடை ஏறும்?"

"உன் அழகப் பாத்து ஏறும். நம்பலேன்னா ஒரு பிடி சோளம் தூவு."

கொழுந்தன் சிரித்துவிட்டான். கணவர் பெல்ட்டை மாட்டியதோடு, சொல்லாமலே பூண்டு டிரம்மைப் பால் அறை ஜன்னலிலிருந்து தள்ளி உருட்டி வைத்தார்.

சனிக்கிழமை கொழுந்தனோடு அவளும் பால் வண்டியில் ஏறிக்கொண்டாள். பாலாடைக்கட்டிக் கூடத்தை அன்றுதான் முதலில் பார்க்கிறாள். வெள்ளை ஓடு பதித்த சுவர், ஈரத்தரை, ரப்பர் பூட்ஸின் சளக் சளக். அம்மாள் கேனைத் திறந்து முகர்ந்தார். ஒரு கரண்டிப் பாலைச் சூடாக்கி மறுபடி முகர்ந்தார். ஒளிந்திருக்கும் வாசனை சூட்டில் வெளியே வந்துவிடும். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். கிண்ணத்தில் உறை விட்டுக் காத்திருந்தார். அந்த நேரம் முழுக்கக் கலவைக்காரிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைசியில் கத்தி இறங்கியது. தயிர்க்கட்டி இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் கண்ணாடிபோல் நின்றது.

"பூண்ட நிறுத்திட்டீங்க" என்றார் அம்மாள்.

ஆமாம் என்றால் அதோடு முடிந்துவிடும். கொழுந்தன் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான்.

"நிறுத்தல" என்றாள் அவள். "போடற நேரத்த மாத்தினேன். கறந்த பிறகு தின்னா, அடுத்த கறவைக்குள்ள வாசனை போயிடுது."

அம்மாள் கிண்ணத்தை எடுத்து இன்னொரு தரம் முகர்ந்தார். நிதானமாகக் கீழே வைத்தார்.

"வண்டி வரும். ஆனா இனிமே கலவையில எது மாத்தினாலும் எனக்கு முன்கூட்டியே சொல்லணும்." இதைக் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லாதீங்கம்மா. நான் ஆட்டுக்குப் பின்பக்கத்து ஆளு. முன்பக்கம் எல்லாம் அண்ணிதான்."

அம்மாள் திரும்பினார். அதே வாக்கியத்தை முதலிலிருந்து, ஒரு சொல் குறையாமல், அவளிடம் சொன்னார்.

"சொல்றேன்" என்றாள் கலவைக்காரி. பிறகு, கேட்பதற்கு முன்பே, "ஒரு இலை பாத்து வச்சிருக்கேன். முதல்ல பன்னெண்டு ஆட்டுக்கு மட்டும் போட்டுப் பாப்பேன். அந்தப் பால தனி கேன்ல அனுப்பறேன்."