குளிர் நாட்டுக்குத் தைத்த பூட்ஸ்

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவன் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. முகத்தை யார் வேண்டுமானாலும் கழுவித் துடைத்துக்கொண்டு வரலாம். நான் காலைப் பார்ப்பேன். அபா நகரத்தில் மூன்று வீடு கட்டியவன் சொல்கிறேன். சந்தையில் கிழங்கு மூட்டை தூக்க ஆரம்பித்தபோது எனக்குச் செருப்பே கிடையாது. அடுத்தவன் செருப்பைப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'அகாஜியாகு' என்றுதான் கூப்பிட வேண்டும். செல்வத்தைப் பிடித்திருக்கும் கை என்று அர்த்தம். காளை வெட்டி ஊருக்கே சோறு போட்டு வாங்கிய பட்டம் அது.

டுபெம் வந்து நின்ற அன்று அவன் காலில் அறுந்து அறுந்து தைத்த செருப்பு. பக்கத்தில் நிறைமாதப் பெண்டாட்டி ஒலன்மா, வெள்ளை நர்ஸ் உடையில்.

"என்ன தொழில்?" என்றேன்.

"பூட்ஸ் தைக்கிறேன் பெரியய்யா."

சிரித்துவிட்டேன். "பூட்ஸ் தைக்கிறவன் செருப்பாடா இது?"

"நல்லதை எல்லாம் வித்துடறேன். விக்காதது கால்ல கெடக்கு."

அந்தப் பதிலுக்காகவே அறையைக் கொடுத்தேன். முற்றத்தைப் பார்த்த கடைசி அறை. நல்ல காற்று.

டுபெம் வெறும் தையல்காரன் இல்லை. பட்டறையில் கடைசி வேலை அவனுடையது. இரும்பு முத்திரையை அடுப்பில் காயவைத்து, பூட்ஸின் அடியில் 'இத்தாலியில் செய்தது' என்று சுட வேண்டும். எங்கள் சந்தையில் அதுதான் வழக்கம். நம் ஊர்ப் பெயரைச் சுட்டால் நம் ஊர்க்காரனே வாங்க மாட்டான். நானே வாங்க மாட்டேன். நாள் முழுக்க இத்தாலி, இத்தாலி என்று சுட்டுவிட்டு வருகிறவன், லாகோஸைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

அவர்கள் அறைச் சுவரில் ஒரு விமானக் கம்பெனி காலண்டர் தொங்கும். வருஷம் எப்போதோ முடிந்துபோனது. மாதத்துக்கு ஒரு ஊர்ப் படம். சாயங்காலம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுவது எனக்குக் கேட்கும்.

"பிள்ளை நடக்க ஆரம்பிச்சதும் அக்டோபருக்குப் போவோம். மலைமேல ரயில் போகுது பாரு," என்பான் டுபெம்.

"நீயும் உன் ரயிலும். நான் மே மாசத்துக்குத்தான் வருவேன். கடல் எப்பிடி நீலமா இருக்கு!"

"பிப்ரவரிக்கு?"

"பிப்ரவரி பூரா பனி. அங்கதான் வேலை கொடுப்பாங்க. அங்க சம்பாதிச்சு மத்த மாசத்துக்கெல்லாம் போவோம்."

ஊர்களின் பெயரையே சொல்ல மாட்டார்கள், மாதத்தைத்தான் சொல்வார்கள். நான் கல்யாணமான புதிதில் இப்படியெல்லாம் பேசியதில்லை. எனக்கு ஏது நேரம்?

பிள்ளை பிறந்தது. ஆண். சிமுசோ என்று பெயர் வைத்தார்கள், சிமு என்று கூப்பிட்டார்கள். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் ஊரிலிருந்து டுபெமின் அப்பா சொல்லி அனுப்பினார். எங்கள் ஆட்களிடம் இதில் விளையாட்டே கிடையாது. கொடியை அப்பன் வீட்டு மண்ணில் புதைத்து, மேலே ஒரு எண்ணெய்ப்பனைக் கன்று நட வேண்டும். அந்தப் பனை பிள்ளையுடையது. வளர்ந்தபின் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எவனாவது கேட்டால், கையை நீட்டி அதைக் காட்ட வேண்டும்.

ஒலன்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"இப்ப வேணாம் டுபெம். நாம மூணு பேரும் எங்க ஒண்ணா இருப்பமோ, அந்த மண்ணுல வைப்போம்."

கொடியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, காலண்டருக்குக் கீழே பலகையில் வைத்தார்கள்.

பிப்ரவரி அவர்களை நினைத்ததைவிடச் சீக்கிரம் கூப்பிட்டது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. உடனே வந்தால் வேலை, வராவிட்டால் அடுத்தவளுக்கு. சிமுவுக்கு அப்போது நாலு மாதம். முதலில் அவள் போவது, பிறகு இருவரையும் கூப்பிட்டுக்கொள்வது என்று முடிவானது. பஸ் நிலையத்துக்கு என் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். அவள் அழவில்லை. பஸ் லாகோஸ் போய்ச் சேர்வதற்குள் பால் கட்டி மேல்சட்டை முழுக்க நனைந்துபோனதாம். போனில் டுபெமிடம் அதை மட்டும்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பிள்ளை டுபெமுடையது. முதுகில் துணியால் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவான். அங்கே பூட்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றில் உட்காரவைப்பான். திரும்பி வந்து சோளக்கூழ் காய்ச்சுவான். முற்றத்துப் பெண்களுக்குச் சிரிப்பு. அவர்களில் வாய் நீளம் இரட்டையம்மாதான். காலையில் காராமணி வடை சுட்டு விற்கிறவள். அவளுக்கு இரட்டைப் பெண்கள், சிமுவுக்கு இளையவர்கள்.

"ஏண்டி டுபெம், இன்னைக்கு என்னடி சமையல்?" என்று கத்துவாள்.

"உன் புருஷனுக்கு எது புடிக்குமோ அதான்க்கா."

"அடிப்பாவி! அப்ப நாளைக்கு உன் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன், நீயே வச்சுக்க!"

எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் நான். கதவு சாத்தியபின் ஒரு ஆண் குரல் விடாமல் பேசிக்கொண்டே இருப்பது கேட்கும். நாலு மாதப் பிள்ளையிடம் அக்டோபரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் சிமுவுக்குப் பூட்ஸ் தைக்க ஆரம்பித்தான். குளிர் நாட்டு ஆட்கள் போட்டுக் கழித்த துணிகள் மூட்டையாக நம் சந்தைக்கு வருகிறதல்லவா, அதில் ஒரு பெண்பிள்ளைக் கோட்டைப் பொறுக்கி எடுத்து, கழுத்து ரோமத்தை அறுத்து உள்ளே வைத்துத் தைத்தான். என் உள்ளங்கையில் அடங்கும் பூட்ஸ். அடியில் வழக்கம்போல இத்தாலி.

"உன் பிள்ளைக்குத்தானே தைக்கிற? உன் பேரைச் சுடேன்டா," என்றேன்.

"என் பேரோட போனா உள்ள விடுவாங்களா பெரியய்யா?"

விசா வந்து போகிற நாளில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிதாகவே தைத்திருந்தான். காகிதம் வரவில்லை. கால் வளர்ந்துவிட்டது. அந்த ஜோடியை இரட்டையம்மாவுக்குக் கொடுத்தான். இரட்டைகள் அடித்துக்கொண்டதில் ஆளுக்கு ஒரு கால். வெயிலில் ரோமப் பூட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டும் தவழ்ந்ததைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். டுபெம் அதற்குள் அடுத்த ஜோடிக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தெருமுனையில் குடை போட்டு, காசுக்குப் பேசவிடப் போன் வைத்திருக்கிறவளிடம் போவான். ஒலன்மா அங்கே கூப்பிடுவாள். நானும் உடன் போவேன். எனக்கும் மூன்று மகன்கள் மூன்று தேசத்தில். என்னைக் கூப்பிட வேண்டிய ஞாயிறு எப்போதும் அடுத்த ஞாயிறாகவே இருக்கும். அவரவர்க்கு வேலை. நான்தானே படிக்க வைத்தேன், குறை சொல்ல முடியுமா?

ஒருநாள் சிமு போனைப் பிடித்துக்கொண்டு தெளிவாக "அம்மா" என்றான். அந்தப் பக்கம் ஒலன்மா சிரித்து அழுதது எனக்கே கேட்டது. "சொல்லிட்டான்! டுபெம், என்னைக் கூப்பிட்டுட்டான்!"

"ஆமாம், உன்னைத்தான்," என்றான் டுபெம்.

பிள்ளை டுபெமின் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னான். இரண்டு வாரமாக அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் டுபெமின் அப்பா வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய பனைக்கன்று. விருந்தாளிக்கு உடைக்கிற கோலாக்கொட்டையை என்னோடு பங்கிட்டுத் தின்றுவிட்டு மகனிடம் திரும்பினார்.

"கொடிய எடு. நானே கொண்டுபோய் நட்டுக்கறேன்."

"ஒலன்மா வேணாங்கறாப்பா."

"ஒலன்மா எங்கடா இருக்கா? பிள்ளை எங்க இருக்கு? நாளைக்கு இவன்கிட்ட உன் பனை எங்கன்னு கேட்டா, பவுடர் டப்பாவையா காட்டுவான்?"

டுபெம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பலகைப் பக்கம் நகரவில்லை. கிழவர் சாப்பிடாமல் கிளம்பினார். கன்றைக் குழாயடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். டுபெம் அதை எறியவும் இல்லை, நடவும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைச் சாக்கின்மேல் ஊற்றி வந்தான். கன்று சாக்கைத் துளைத்து வேர் விட்டது.

வடகாற்றுப் புழுதி அடிக்கிற மாதத்தில் அந்தப் போன் வந்தது. சிமுவின் காகிதம் வந்துவிட்டதாம். டுபெமுடையது வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். ஒலன்மாவோடு வேலை செய்கிற ஒருத்தி லீவில் வந்திருக்கிறாள், திரும்பும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். சரியா, இல்லையா என்று ஒலன்மா கேட்கிறாள்.

போனைக் கொடுத்துவிட்டு டுபெம் வெகுநேரம் குடைக்குக் கீழேயே நின்றான். பிறகு என் வாசலுக்கு வந்தான், முதுகில் பிள்ளையோடு.

"என்ன சொல்றீங்க பெரியய்யா?"

"அனுப்பாதடா," என்றேன். "உனக்கும் வரட்டும், சேந்து போங்க. ஒண்டியா இருக்கறது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பதினோரு அறை இருக்கு இந்த வீட்ல. தட்டு ஒண்ணுதான் கழுவறேன்."

அவன் முதுகுத் துணியை இறுக்கிக் கட்டினான்.

"ஒலன்மா போனப்ப இவனுக்குப் பல்லே இல்ல பெரியய்யா. இப்ப எட்டுப் பல்லு. ஒண்ணைக்கூட அவ பாக்கல."

நான் நகர்ந்து பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டேன்.

"இன்னொன்னு கேக்கணும்," என்றான். "குழாய்க்குப் பின்னால ஒரு முழம் இடம் வேணும். கன்னை வைக்க. கொடியோட."

வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரன் மண்ணில் பனை வைப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். வைத்தால் அந்த மரம் அவனுடையது. நான் செத்தபிறகும் அவன் பிள்ளை வந்து குலை வெட்டலாம், மரம் நிற்கிற மண்ணும் என்னுடையது என்று பேசலாம். இந்த நிலத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவன் நான். கூடப்பிறந்தவனுக்கே ஒரு அடி விட்டதில்லை.

"உங்கப்பன் ஊர்ல மண்ணில்லயா?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"இருக்கு. ஆனா அவ சொன்னது மூணு பேரும் ஒண்ணா இருக்கிற எடம்." அறைப் பக்கம் பார்த்தான். "நாங்க ஒண்ணா இருந்தது இங்கதான பெரியய்யா. நாலு மாசம்."

பிள்ளை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

என் மகன்களுக்கு நான் வைத்த பனை மூன்றும் ஊரில் கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கின்றன. குலை பழுத்துத் தானாக விழும். பறவை தின்னும்.

"குழாய்க்குப் பின்னால வேணாம்," என்றேன். "சோப்புத் தண்ணி போற எடம், பட்டுப் போயிடும். வாசல்ல வை."

வாசலில் நான் கடை கட்ட வைத்திருந்த இடம். மண்வெட்டியை நானே எடுத்துக் குழி வெட்டினேன். இந்த வயதில் அவனைவிட ஆழமாக வெட்டினேன், இரட்டையம்மா சாட்சி. டுபெம் டப்பாவைத் திறந்து, பிள்ளையின் கையைப் பிடித்து அவனையே போடவைத்தான். எங்கள் ஆட்கள் இவ்வளவு வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில்லை. மேலே கன்றை வைத்து மண்ணைத் தள்ளினோம்.

அந்த நர்ஸ் காரோடு வந்தபோது சிமு இரண்டாவது ஜோடியைப் போட்டிருந்தான். கால் சரியாகப் பொருந்தியிருந்தது. ரோமச் சூட்டில் வேர்த்து, பூட்ஸ் கனத்தில் தத்தித் தத்தி, கன்று வரைக்கும் தானாக நடந்து போய் அதன் ஓலையைப் பிடித்து இழுத்தான். இரட்டையம்மா வடைப் பொட்டலம் கொண்டுவந்து நர்ஸிடம் திணித்தாள். "ஒலன்மாவுக்கு. ஆறினா நல்லா இருக்காது, சீக்கிரம் போ," என்றாள், ஏதோ அடுத்த தெருவுக்குப் போவதுபோல. காரில் ஏற்றியதும் பிள்ளை டுபெமை நோக்கிக் கையை நீட்டி, "அம்மா! அம்மா!" என்று கத்தினான். அந்த நர்ஸ், "அம்மாகிட்டதான்டா கண்ணு போறோம்," என்றாள்.

அன்று இரட்டையம்மா டுபெமைக் கேலி செய்யவில்லை. மறுநாள் காலையில், "டுபெம் தம்பி, கூழ் குடிச்சியா?" என்றாள். கேலியே தேவலாம் போலிருந்தது.

கன்று இப்போது என் இடுப்பு உயரம். டுபெமின் காகிதம் வரவில்லை. போன ஞாயிறு குடைக்குக் கீழே சிமு நெடுநேரம் பேசினான். "என்னடா சொல்றான்?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தையும் புரியல பெரியய்யா. அந்த ஊர்ப் பேச்சு. ஆனா நல்லா சத்தமா பேசறான்." கொஞ்சம் நடந்துவிட்டு, "அங்க பனி கொட்டுதாம். ரெண்டு பேரும் பிப்ரவரியிலதான் இருக்காங்க," என்றான்.

போன மாதம் காரோடு வந்த ஒருவன் பெரிய வாடகைக்கு முன்னறையைக் கேட்டான். கார் நிறுத்த இடம் வேண்டும், இந்தப் பனையை எடுத்துவிடுங்கள் என்றான். அவன் காலில் விலை உயர்ந்த பூட்ஸ். அடியைப் பார்க்காமலே எங்கே தைத்தது என்று எனக்குத் தெரியும்.

"அது என் மரமில்ல," என்றேன்.

டுபெம் தனக்கும் ஒரு ஜோடி தைத்து வைத்திருக்கிறான். உள்ளே அதே கோட்டு ரோமம், மிச்சம். காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. காலில் இன்னும் அந்த அறுந்த செருப்புதான்.