கீழ்ப்பக்கம் இல்லாத தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது. அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் குணம் அதுதான். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்ட புதுசில் வாய்க்கால் இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு போகும். அப்போது பார்த்துப் பாலத்தின் மேலிருந்து குதிப்பார். எங்கள் ஊர் கூடலூரில் பாதி ஆம்பிளைகள் அதைச் செய்கிறவர்கள்தான். இவர் மட்டும் ஏதோ மலையைப் புரட்டிவிட்டு வந்த மாதிரி ஈர மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். துண்டை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே ஓடிப்போய், அவர் ஏறுகிற இடத்தில் நிற்க வேண்டியது என் வேலை.

எழுபதுகளில், எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் நடந்தது இது. என் அண்ணன் வாத்தியார் வேலை கிடைத்து, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் தனியாகக் குடியிருந்தான். அறுப்பு முடிந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்க்கக் கிளம்பினோம். அதற்கு முன் இருவருமே கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

பஸ் தெற்கே போகப் போக இவருக்கு முகம் சுண்டியது. வயல் இல்லை, வாய்க்கால் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் செக்கச் செவேலென்று மணல்மேடு, அதில் பனை, விட்டால் உடைமரம். "ஏ புள்ள, இங்கன ஆளுக என்னத்தத் தின்னு உசுரு வாழுதுக?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் இவர் தொடையில் கிள்ளினேன். போகிற ஊரில் இந்த வாய் என்ன வம்பை இழுத்து வைக்குமோ என்று அப்போதே எனக்குக் கவலை.

மறுநாள் காலையில் அண்ணன் ஊரைச் சுற்றிக் காட்டினான். கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையில் ஆளுக்கு ஒரு விள்ளல் சுடச்சுடக் கொடுத்தார்கள். செம்மணலில் கணுக்கால் புதையப் புதைய நடந்து, கோயிலுக்குப் பின்பக்கமாகக் கடற்கரைக்கு வந்தோம். அந்த ஊரில் கோயில் என்றால் மாதா கோயில்தான்.

கடலைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. இவருக்கு வந்தது. "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு குழி வெள்ளாமை இல்லையே!" என்றார்.

அண்ணனுக்கு இவர் சுபாவம் தெரியும். "மாப்ள, காலை மட்டும் நனைச்சுட்டு வந்துருங்க. இது நம்ம ஊருத் தண்ணி இல்ல" என்றான். அதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். இவர் சட்டையைக் கழற்றினார்.

கரை நெடுக அலை உயர்ந்து உயர்ந்து உடைந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அலையே இல்லை. குளம் மாதிரி அமைதியாகக் கிடந்தது. இவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "ஐயா, அங்க இறங்காதீங்க. அந்த இடம் உள்ள இழுத்துட்டுப் போயிரும்" என்றார்.

"எங்க ஊரு வாய்க்கால்ல நான் பார்க்காத இழுப்பா?"

"போகாதீக. பெரியவரு சொல்றாகள்ல, கேளுங்க" என்று நான் கத்தினேன். பத்துப் பேர் பார்க்கப் பெண்டாட்டி கத்தினால் எந்தப் புருஷன் திரும்புவான்? கைக்கடிகாரத்தையும் சட்டையையும் என் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

முதலில் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்றவர், நான் கண் சிமிட்டுவதற்குள் கழுத்தளவில் இருந்தார். அப்புறம் தலை மட்டும்தான். அந்தத் தலை சின்னதாகிக்கொண்டே போனது.

அவர் எதிர்நீச்சல் போடவில்லை. எங்கள் பக்கம் பழக்கம் அது. வாய்க்கால் இழுத்தால் மல்லுக்கு நிற்கக் கூடாது, மல்லாந்து அதன் போக்கில் போக வேண்டும், கரை வளைகிற இடத்தில் தண்ணீரே கொண்டுவந்து ஒதுக்கும். அவர் மல்லாந்தார். எனக்கும் என் பழக்கம்தான் வந்தது. மஞ்சள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கரையோரமாக ஓடினேன். கீழ்ப்பக்கம் ஓட வேண்டும். ஆனால் கடலுக்கு எது கீழ்ப்பக்கம்? தெற்கே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். திரும்பி வடக்கே ஓடினேன். வாய்க்காலில் போகிற ஆள் கரையில் ஓடுகிறவளோடு கூடவே வருவான். இவர் என்னோடு வரவில்லை. என்னை விட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

அதற்குள் அண்ணன் வலைக்காரர்களைக் கூட்டி, ஒரு வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். முதல் அலை அதைத் திருப்பிக் கரையிலேயே போட்டது. மறுபடியும் தள்ளினார்கள்.

நான் மூன்றாம் முறை ஓடத் திரும்பியபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள். கழுத்தில் செபமாலை தொங்கியது.

"ஓடாதம்மா. உக்காரு."

"விடுங்க! உக்கார மாட்டேன்."

"சொன்னாக் கேளு. வள்ளத்துல இருக்கவங்களுக்கு அலை மறைச்சுரும், ஆளு தெரியாது. கரையில இருந்து ஒருத்தர் கையக் காட்டணும். நீதான் முதல்ல இருந்து பாத்துட்டிருக்க. உன் காலு கிடந்து நடுங்குது, நின்னுட்டுக் காட்டினா கை நேரா நிக்காது. இப்படி உக்காந்து, அந்தத் தலைமேல வச்ச கண்ண எடுக்காத."

எனக்கு உட்கார மனம் வரவில்லை. எங்கள் ஊரில் வாய்க்காலோடு ஆள் போய்விட்டால், கரை நெடுக ஓடிப் பார்த்து, இனிமேல் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். ஒப்பாரி அப்புறம்தான் தொடங்கும். அந்த அம்மாள் என் தோளை அழுத்தினார். உட்கார்ந்தேன். கையை நீட்டினேன்.

வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. தலை தெரியும், அலை மறைக்கும், மறுபடி தெரியும். ஒரு தடவை மறைந்தது, வெகுநேரம் வரவில்லை. வெறும் தண்ணீரைத்தான் காட்டுகிறேனோ என்று தோன்றியது. கை தளர்ந்தபோது அந்த அம்மாள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தார். வள்ளத்தில் நின்றவர் என் கையைத் திரும்பிப் பார்ப்பார், துடுப்புக்காரரிடம் ஏதோ சொல்வார், வள்ளம் கொஞ்சம் திரும்பும். கடைசியில் இரண்டு பேர் குனிந்தார்கள். எதையோ பிடித்து இழுத்தார்கள். ஆளா, பிணமா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

கரையில் கொண்டுவந்து குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். குடம் குடமாகக் கக்கினார். இருமினார். இருமல் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது, அதோடு கோபமும் வந்தது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வசவு அத்தனையையும் அண்ணன் முன்னாலேயே கொட்டினேன். அடிக்கக் கையையும் ஓங்கிவிட்டேன்.

அவர் மெல்லப் புரண்டு என்னைப் பார்த்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நீ உக்காந்துட்ட புள்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மஞ்சச் சேலை கரையில ஓடுறது தெரிஞ்சுச்சு. அது ஓடுற வரைக்கும் காலை அடிச்சுக்கிட்டே கெடந்தேன். அப்பறம் நீ உக்காந்துட்ட. சரி, நம்ம கதை அம்புட்டுத்தான் போலன்னு கையி காலை விட்டுட்டேன்."

நான் உட்கார்ந்தது கை காட்டத்தான் என்று அங்கேயே அழுதுகொண்டே சொன்னேன். வள்ளக்காரர்களும் சொன்னார்கள், அந்த அம்மாளும் சொன்னார். பிறகு வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "தெரியும் புள்ள, தெரியும்" என்பார். தெரியும்தான். ஆனால் தண்ணீருக்குள் கிடந்து அவர் பார்த்தது, நான் உட்கார்ந்ததைத்தான்.