பாலம் மட்டும் நிஜம்

ஒரு மனிதர் தன் வாழ்வின் பெருந்துயரத்தைச் சொன்னபோது, மொழிபெயர்க்க நின்ற நான் அதை வேடிக்கைக் கதையாக்கினேன். தெரிந்தேதான் செய்தேன்.

எழுபதுகளின் கடைசியில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்து தங்கியிருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தபோது இரண்டாம் உலகப் போரில் ரிசர்வ் அதிகாரியாக அழைக்கப்பட்டவர், போருக்குப் பின் இயந்திர வேலைக்கு வந்தவர். அவரிடம் ஒரு வீரப் பதக்கம் இருப்பதை அறிந்த தோட்டத்து ஆட்கள், ஒரு சாயங்காலம் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க ரைட்டரு, தொரை என்ன பண்ணி இத வாங்குனாருங்க?"

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். பனியில் பின்வாங்கும்போது ஒரு பாலத்தைத் தகர்க்க உத்தரவு. நான் சொன்னேன்: "தொரை மீசையில ஐஸு தொங்குது. ஒத்தை ஆளா பாலத்துக்கு அடியில தொங்குறாரு."

கூடைகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கள்ளைப்போல் ஏறியது. கதையில் எதிரியின் டாங்கியை அவர் கடப்பாரையால் நெம்பும்படி செய்தேன். அது தளபதியின் மூத்திரச் சட்டியோடு ஆற்றில் விழுந்தது. கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதே நொடியில் ஜெர்மன்காரர் சொல்லி முடித்திருந்தார்: தன் படைவீரர்கள் ஆறு பேர் அக்கரையில் இருக்கும்போதே பாலத்தைத் தகர்த்தாராம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பதக்கப் பெட்டியை மூடினார், போய்விட்டார். மறுநாள் கருவிகளைக் கட்டத் தொடங்கினார். இந்த மனிதர்களோடு இருக்க முடியாது என்றார்.

அவர்கள்மேல் தவறில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அதே இடத்தில் நின்று அவர்களிடம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அக்கரையில் நின்ற ஆறு பேரையும் சொன்னேன். பிறகு ஒரு பெண் கேட்டாள்: "அந்த ஆறு பேருக்கும் ஊடு, கொழந்தைங்க இருந்துச்சுங்களா?" அவர் ஆறு பேரின் பெயரையும் ஊரையும் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டாமல் தமிழில் சொன்னேன்.

"அப்ப நேத்து நீங்க சொன்னதுல எதுங்க நெசம்?" என்றார் கங்காணி.

"பாலம் மட்டும்."

நேற்று என்னதான் சொன்னீர்கள் என்று ஜெர்மன்காரர் என்னைக் கேட்டார். கூசிக்கொண்டே சொன்னேன். மூத்திரச் சட்டி வந்ததும் அவர் காப்பி மூட்டைமேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூட்டமே சேர்ந்து சிரித்தது.

இயந்திரம் சரியாகும்வரை அவர் தங்கினார். மாலைகளில் ஆட்களோடு கை ஜாடையிலேயே பேசினார், என்னைக் கூப்பிடவில்லை. அதன்பின், நாளை வேலை உண்டு என்று நான் அறிவித்தாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்:

"பாலம் மட்டுங்களா, ரைட்டரு?"