தகர டின்னும் தாய்மாமன் மடியும்

என் மகளுக்குக் காது குத்திய கதை என்றால் மொட்டை, சீர், கறிச்சோறு என்றுதான் கேட்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் இருந்தது. ஆனால் கதை தொடங்குவது இரண்டு காற்றுத் துப்பாக்கிகளில். ஒன்று ஆட்டோமேட்டிக், இன்னொன்று செமி ஆட்டோமேட்டிக். இவற்றில் எது வேகமாகச் சுடும் என்று தெரியாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது என்றொரு நிலைமை எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்கு வந்தது. நான் காளவாசல் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. துப்பாக்கிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சம்பந்தம் மனைவி வழியில் வந்தது. அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பெரிய மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சின்ன மச்சான் சொந்த ஊரான கொட்டாம்பட்டியில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பெரியவரால் வர முடியவில்லை, தந்தி மட்டும் வந்தது. சின்னவர் தனியாளாக நின்று எல்லாச் சீரும் செய்தார். ஊர் திரும்பியதும் பெரியவர், “என்னயக் கேக்காம யாரு தேதி வச்சது?” என்று ஒரு வார்த்தை கேட்டார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேட்டி அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தபோது என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எனக்குப் பட்டு வேணாம், கம்மல் வேணாம். எங்க ரெண்டு அண்ணனும் ஒரே பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். அப்பா அம்மா இல்லாதவளுக்கு அதுதாங்க சீரு.”

சரி, இதைக்கூடச் செய்யாவிட்டால் நானெல்லாம் என்ன புருசன் என்று கிளம்பினேன்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இங்கே மாமன் இரண்டு, பிள்ளை ஒன்று. மூத்தவன் மடிதான் முறை என்றார் பெரியவர். செய்தவன் மடிதான் நியாயம் என்றார் சின்னவர். ஆபீசில் இதைவிடச் சிக்கலான ஃபைலையெல்லாம் பார்த்தவன் என்ற திமிரில், ஆளுக்கொரு காது என்று ஒரு யோசனை சொன்னேன். இருவரும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “மொதக் காது யாருக்கு மாப்ள?” யோசனை அங்கேயே செத்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு துப்பாக்கி.

“மாப்ள, சீரு கொண்டு வாரப்ப இது மொதத் தட்டுல வரணும்.”

“பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கியா மச்சான்?”

“புள்ளைக்கு எதுக்கு? ஊரு பாக்கணும்ல.”

அதுவரை நான் பார்த்த காற்றுத் துப்பாக்கியெல்லாம் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுடக் கொடுப்பதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் குழாயை மடக்கி, ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்த வேண்டும். இது அந்தச் சாதி இல்லை. டப்பாவில் அடைத்த காஸில் ஓடுவது. விசையை அழுத்திப் பிடித்தால் போதும், கையை எடுக்கும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். இதற்குப் பேர் ஆட்டோமேட்டிக் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் பெரியவர் காப்பி கேட்டார்.

அவர் காப்பி குடித்த செய்தி அவருக்கு முன்னாலேயே கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டது. மறுவாரம் சின்னவர் கோணிச்சாக்கில் சுற்றிய ஒன்றோடு வந்து நின்றார். மெட்ராஸில் வெளிநாட்டுச் சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியதாம். இதில் விரல் நீளக் குப்பி ஒன்றில் காஸ். குழாயை மடக்கத் தேவையில்லை, ஆனால் ஒரு அழுத்துக்கு ஒரு குண்டுதான். விரலுக்கு எம்புட்டு வேகமோ துப்பாக்கிக்கும் அம்புட்டு வேகம்.

“அவரு வச்சிருக்கிறது ஒடஞ்ச பைப்பு மாப்ள, தெறந்தா கொட்டிட்டுப் போயிரும். நம்மளுது வால்வு வச்சது” என்றார். பம்புசெட்காரர் வேறெப்படிச் சொல்வார்.

இதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் நான்தான் தபால்காரன். இருவரும் ஒருநாள் என் வீட்டு முற்றத்திலேயே ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் நிற்கும் என்னிடம் பேசினார்கள்.

“மாப்ள, வேகம்னா சுடுறப்ப உள்ள வேகம்னு சொல்லுங்க.”

“மாப்ள, அதுல காஸ் அடச்சு, புனல வச்சுக் குண்டு ரொப்புறதுக்குள்ள ஒரு ஒலைச் சோறு வெந்துரும். அந்த நேரத்தை யாரு கணக்குல சேக்குறது? பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கிற நேரத்தையும் சேத்துத்தான திருச்சிக்கு எம்புட்டு நேரம்னு சொல்றோம்?”

“விரலு வலிச்சா பஸ்ஸு நடு ரோட்டுல நின்னுருமேன்னு கேளுங்க மாப்ள.”

கேட்டேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் பட்டேன். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. குலசாமி கோயிலில், காது குத்துவதற்கு முன்னால், இரண்டையும் சுட்டுப் பார்ப்பது. எது வேகமோ அதன் சொந்தக்காரர் மடியில் பிள்ளை. இப்படி ஒரு தீர்மானத்தை நான்கு படித்தவர்கள் சேர்ந்து எடுக்க முடியாது. அதற்கு உறவுக்காரர்கள் வேண்டும்.

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், அவள் அரிசி புடைத்துக்கொண்டே, “ரெண்டு பேரும் வாராங்கள்ல?” என்றாள். “வாராங்க” என்றேன். “அது போதும்” என்றாள்.

கொட்டாம்பட்டியைத் தாண்டிக் கண்மாய்க்கரையை ஒட்டி எங்கள் குலசாமி. பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. அதைப் பூசாரி மடியிலேயே வைத்து முடித்தோம், வம்பு வேண்டாம் என்று. ஆடு வெட்டி அடுப்பில் ஏற்றியாயிற்று. காது குத்தும் ஆசாரி ஊசியையும் சந்தனத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பிள்ளையை விட்டுவிட்டுக் கண்மாய்க்கரைப் பக்கம் போனார்கள். கரை மண்ணில் ஒரு காலி எண்ணெய் டின் நட்டு வைத்திருந்தது.

என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் உண்டு என்பதால் நேரம் பார்ப்பது என் பொறுப்பு. ஆனால் குண்டை யார் எண்ணுவது? ஆட்டோமேட்டிக் சுட்டால் காதுக்கு ஒரே இரைச்சல்தானே. அப்போது என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்.

“தவுல் வாசிக்கிற அண்ணனக் கேளுங்களேன். எம்புட்டு வேகமா அடிச்சாலும் அவரு காதுக்குத் தப்பாது.”

இது எல்லோருக்கும் மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. விசேஷத்துக்கு வந்த தவில்காரரை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவரும் இதற்காகவே பிறந்தவர் போல தவிலடிக்கும் விரல் கூடுகளைக்கூடக் கழற்றாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

பெரியவர் அழுத்திப் பிடித்தார். டின் அலறியது. பச்சைக்கிளிகள் புளியமரத்தை விட்டுப் போயின. நான் முள்ளைப் பார்த்து நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த சுற்றுக்குக் குண்டு நிரப்பும்போது புனல் சரிந்து பாதி மண்ணில் கொட்டியது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்கினார். பிறகு சின்னவர் சுட்டார். டக், டக், டக் என்று நிதானமாகத் தொடங்கி வேகம் பிடித்தார். முடிக்கும்போது விரல் மடங்க மறுத்து, உதறிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் தவில்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“பெரியவரு துப்பாக்கியில வேகம் இருக்கு, கணக்கு இல்ல. நடுவுல ரெண்டு எடத்துல சோறு அடச்ச மாதிரி விக்குது. சின்னவரு துப்பாக்கியில கணக்கு இருக்கு, வேகம் இல்ல. பொருட்காட்சியில பலூன் கட்டி வச்சிருக்கான் பாருங்க, அவன் கிட்டக் குடுத்தாக்கூட ரெண்டையும் வாங்க மாட்டான்.”

முதலில் பாய்ந்தது சின்னவர்.

“விக்குதா? எங்க அண்ணன் கடல் தாண்டிப் போயி ஒழச்சுக் கொண்டாந்ததுய்யா அது. அத விக்குதுன்னு சொல்றதுக்கு நீ யாரு?”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எந்தம்பி விரலு நாள் பூரா நட்டு கழட்டுற விரலு. அதுல வேகம் இல்லையாம்ல. நீ ஒந்தவுலத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு.”

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்று ரெண்டுபட்டது ஒன்றாகி, கூத்தாடிக்கு ஏச்சு விழுந்தது. அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரச நின்று அந்த மனிதரைத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். நான் சமாதானம் பேசப் போனேன், “நீங்க சும்மா இருங்க மாப்ள” என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவே வந்தாள்.

“நேரம் போகுதுண்ணே. திட்டுறத அப்பறமாத் திட்டுங்க. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க.”

கோபத்தில் அவர்களுக்கு யார் மடி என்ற ஞாபகமே வரவில்லை. முழங்காலும் முழங்காலும் இடிக்க ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். பிள்ளை பெரியவர் தொடையிலும் சின்னவர் தொடையிலுமாகக் கிடந்தது. பெரியவர் தலையைப் பிடித்தார், சின்னவர் காலைப் பிடித்தார். ஆசாரி ஊசியை ஏற்றியபோது பிள்ளை அலறிய அலறலில் இரண்டு மாமன்களுக்கும் கண்ணில் தண்ணீர். “எம்புட்டு வலிச்சுச்சோ” என்று பெரியவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார். “ஆமாண்ணே” என்றார் சின்னவர்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. அந்தப் புனலின் வாயை அகலப்படுத்தத் தன் கடையில் வழி இருக்கிறது என்று தம்பி சொல்ல, அண்ணன் நல்லி எலும்பை அவர் இலையில் எடுத்து வைத்தார். நான் அதை மனைவிக்குக் காட்டலாம் என்று தேடினேன். அவள் அங்கே இல்லை.

சமையல் கொட்டகைக்குப் பின்னால், தனி இலை போட்டு, தவில்காரருக்கு அவளே கறி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கங்கண்ணே. எனக்காக ஏச்சு வாங்குனீங்க.”

“நீ சொன்னபடியே சொல்லிட்டேன் தாயி. ஆனா நெசத்தச் சொல்லணும்னா, அந்த ரெண்டுல ஒண்ணு...”

“அத மட்டும் சொல்லிறாதீங்க” என்று அவர் இலையில் சோற்றைத் தள்ளினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் தபால்காரனாக அலைந்தவன், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீடு திரும்பும் வேனில் கேட்டேவிட்டேன்.

“எங்கிட்டக் கூடச் சொல்லலையே நீ?”

தூங்கும் பிள்ளையின் புதுக் காதில் துணி படாமல் ஒதுக்கிவிட்டு அவள் சொன்னாள். “உங்ககிட்டச் சொன்னா, எந்தத் துப்பாக்கின்னு நீங்களும் கேப்பீங்க.”

கேட்டிருப்பேன். இன்றைக்கும் எது வேகம் என்று எனக்குத் தெரியாது.